ஆஸ்பத்திரியில் பிழை நடந்தால் மருத்துவ சபைக்கா, புதுக்கடை நீதிமன்றத்துக்கா?

மாமிக்குப் பித்தப்பையை எடுத்து மூன்றாம் நாள் கண் மஞ்சளானது. "இது வழமைதான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பித்தப்பையை எடுக்கும்போது பித்தக்குழாயிலும் வெட்டு விழுந்திருந்தது என்பது ஒரு கிழமை கழித்து வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது. கொழும்பில் பெயர்பெற்ற தனியார் ஆஸ்பத்திரி. பெயர் இங்கே வேண்டாம். அதன்பிறகு வெள்ளவத்தை வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பெரியப்பா "பொலிஸுக்குப் போ" என்றார். மச்சாள் "மருத்துவ சபைக்கு எழுது" என்றாள். மாமாவோ, "கேஸ் போட்டால் தீர்ப்பைப் பேரப்பிள்ளைகள்தான் கேட்பார்கள்" என்றார். மூன்று பேர் சொன்னதிலும் பாதிப் பாதி உண்மை இருந்தது.

எந்த வழியில் போனாலும் முதலில் வேண்டியது காகிதம். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த நேரம் யார் பார்த்தார், என்ன மருந்து ஏறியது என்பதெல்லாம் இருப்பது பெட் ஹெட் டிக்கட்டில், அதாவது வார்டில் எழுதிவைக்கும் நோயாளிக் குறிப்பேட்டில். அரச ஆஸ்பத்திரி என்றால் 2016 இன் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்தோடு அதைக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தனியார் என்றால் எழுதிக் கேட்பதுதான். தராவிட்டால் சட்டத்தரணியின் கடிதம் போக வேண்டும். எங்களுக்கு இரண்டாவது கடிதத்துக்குப் பிறகே கிடைத்தது.

சரி, மருத்துவ சபை. இலங்கை மருத்துவ சபைக்குச் சத்தியக்கடதாசியோடு முறைப்பாடு கொடுக்கலாம். செலவு குறைவு, வழக்குத் தவணைக்கு அலையத் தேவையில்லை. முதலில் ஒரு குழு பார்க்கும். விஷயம் இருக்கிறது என்றால் ஒழுக்காற்று விசாரணைக்குப் போகும். கடைசியில் டொக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம்கூடச் சபைக்கு உண்டு. ஆனால் ஒரு சதம் நட்டஈடு வாங்கித் தர அதனால் முடியாது. மாமியின் இரண்டாவது ஒப்பரேஷன் செலவு அங்கே யாருடைய கவலையும் இல்லை. "இந்த ஆள் இன்னொருவருக்கு இதைச் செய்யக்கூடாது" என்பதுதான் உங்கள் கோபம் என்றால், போக வேண்டிய இடம் அதுதான்.

பணம் வேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்றம். உரோம டச்சுச் சட்டப்படி தீங்குக்கான வழக்கு. பிழை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொண்டு இருப்பதிலேயே அதில் ஒரு வருடம் போய்விடும். அரச ஆஸ்பத்திரி என்றால் சட்டமா அதிபரை எதிராளியாக்க வேண்டும். அதற்கு ஒரு மாத எழுத்துமூல அறிவித்தல் கொடுத்த பிறகே வழக்குப் போடலாம் என்பதால், அந்த ஒரு மாதத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாரில் சிக்கல் வேறு மாதிரி. "டொக்டர் எங்கள் ஊழியர் இல்லை, நீங்கள் சேனல் பண்ணி வந்தவர்கள்" என்று ஆஸ்பத்திரி கையை விரிக்கும். அதனால் டொக்டர், ஆஸ்பத்திரி இரு தரப்பையும் சேர்த்தே போடுவதுதான் புத்தி.

இந்த வழியில் வெல்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்குப் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கைப் படித்தால் போதும். மூளைத்தண்டில் கட்டியோடு இறந்த ஒரு குழந்தையின் தகப்பன் போட்ட வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் அதையும் ரத்துச் செய்தது. கவனக்குறைவு இருந்தாலும், அதனால்தான் குழந்தை இறந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். பெற்றோரின் துக்கத்துக்குப் பெறுமதி போடவும் அன்றைய சட்டம் இடம் தரவில்லை. அந்த ஒரு குறையை மட்டும் 2019 இன் 2 ஆம் இலக்கச் சட்டம் சரிசெய்திருக்கிறது: மரணம் என்றால், இழந்த அன்புக்கும் துணைக்கும்கூட இப்போது நட்டஈடு கேட்கலாம். நிரூபிக்கும் பாரம் அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் சட்டத்தரணி முதல் சந்திப்பிலேயே சொன்னது இதைத்தான். பித்தக்குழாய் வெட்டுப்படுவது கவனமான கையிலும் நடக்கும் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதை உடைக்கச் சாட்சி சொல்லும் சேர்ஜன் இந்தச் சின்னத் தீவில் லேசில் கிடைக்கமாட்டார். "வெட்டை விடுங்கள், மஞ்சள் கண்ணோடு வீட்டுக்கு அனுப்பியதைப் பிடிப்போம்" என்றார் அவர். அதைப் பற்றி டிக்கட்டில் ஒரு தாதியின் குறிப்பு இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு கடிதம் எழுதினோம் என்று இப்போது தோன்றுகிறது.

அடிப்படை உரிமை மனுவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், நட்டஈடும் கிடைக்கலாம். ஆனால் அரச ஆஸ்பத்திரிக்கு எதிராக மட்டும்தான். அதுவும் ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இது தெரியாமல் வாய்ப்பை விட்டவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

பொலிஸ் வழி, என் பார்வையில், மரணம் நடந்த இடத்தில்தான் பொருந்தும். கவனயீனத்தால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவில் வரும், ஐந்து வருடம் வரை சிறை. அதற்கு உடலைப் புதைக்கவோ எரிக்கவோ முன்பே திடீர் மரண விசாரணையும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அதைக் கேட்கும் மனம் யாருக்கு வரும் என்பது வேறு கதை. தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவைக்கும் ஒரு கடிதம் போடலாம், பில், வசதி, நடத்தை போன்ற முறைப்பாடுகளுக்கு.

நாங்கள் கடைசியில் இரண்டைத் தெரிந்தெடுத்தோம்: வழக்கும் மருத்துவ சபையும். கையில் காசு இல்லாதவர்கள் புதுக்கடையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவில் முதலில் கேட்டுப் பாருங்கள், வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். அப்புறம் மொழி. கொழும்பு நீதிமன்றத்தில் சிங்களத்தில்தான் நடக்கும், ஆனால் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை தமிழில் மனுத் தாக்கல் செய்யவும் அரச செலவில் மொழிபெயர்ப்பாளர் கேட்கவும் உரிமை தருகிறது. மாமி கேட்டார். முதல் தவணைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, வழக்கு அடுத்த மாதத்துக்குப் போனது.