தீவிர ஃப்ளூ: பழைய மாத்திரையா, புதிய மருந்தா?

ஃப்ளூ முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை எழுதிக் கொடுத்தால், "இதைவிட நல்ல மருந்து இல்லையா?" என்று உறவினர்கள் கேட்பது வழக்கம். புதிய மருந்துகள் இருக்கின்றன. நல்லவையா என்பதுதான் விவகாரம்.

டாமிஃப்ளூ என்ற பெயரில் 1999-இல் வந்த ஒசெல்டாமிவிர், பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு வேளை தரப்படுகிறது. விழுங்க முடியாதவருக்கு மூக்குக் குழாய் வழியே செலுத்தலாம். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். 2009 பன்றிக் காய்ச்சலின்போது 38 நாடுகளில் மருத்துவமனைகளில் சேர்ந்த 29,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டிய ஆய்வு 2014-இல் வெளியானது. ஒசெல்டாமிவிர் வகை மருந்துகளை அறிகுறி தோன்றி இரண்டு நாளுக்குள் தொடங்கியவர்களிடம், தாமதமாகத் தொடங்கியவர்களைவிட இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ பாதியாக இருந்தது. குழந்தைகளிடம் மட்டும் இறப்பு குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. இது பதிவேடுகளைப் பார்த்துச் செய்த கணக்கு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சோதனை அல்ல. ஆனாலும் இத்தனை பேரின் விவரங்களைப் புறக்கணிப்பது கடினம்.

பெராமிவிர் ஒரே தடவை டிரிப்ஸில் ஏற்றப்படுவது. கேட்க வசதிதான். மருத்துவமனை நோயாளிகளிடம் நடந்த சோதனையில், வழக்கமான சிகிச்சையுடன் இதைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. குடல் மருந்தை உறிஞ்சாத நிலையில் இதை நாடுவதில் நியாயம் உண்டு. மூச்சில் இழுக்கும் சனாமிவிர் பொடி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அதைக் கரைத்து வென்டிலேட்டரில் விட்டால், அதிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை இயந்திரத்தையே அடைத்துவிடும்.

பலாக்சாவிர்தான் உண்மையான போட்டியாளர். 2018-இல் ஜப்பானில் முதலில் அனுமதி பெற்றது. வைரஸ் பெருகுவதை வேறொரு கட்டத்தில் தடுப்பது. தீவிர நோயாளிகளுக்கு இதை ஒசெல்டாமிவிர் வகை மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் சீக்கிரம் மறைந்தது. நோயாளி சீக்கிரம் தேறவில்லை. என் பார்வையில் இந்த அலசலின் மையம் இதுவே. நுரையீரல் வீங்கி, அதன்மேல் பாக்டீரியா நிமோனியாவும் சேர்ந்துவிட்ட பிறகு, வைரஸைக் குறைப்பது பாதி வேலைதான். முதுமை, கர்ப்பம், நீரிழிவு, நாட்பட்ட நுரையீரல் நோய், மிகை உடற்பருமன் ஆகியவையும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

2024-இல் வெளியான உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல், தீவிர நோயாளிகளுக்கு நிபந்தனையுடன் பரிந்துரைப்பது ஒசெல்டாமிவிரையே. பலாக்சாவிரை, நோய் இன்னும் முற்றாத, ஆனால் முற்றும் ஆபத்து மிகுந்தவர்களுக்கு வைத்திருக்கிறது. ஆகவே இவற்றுள் எது என்று யோசித்து ஒரு நாளைக் கழிப்பதைவிட, பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் கையில் இருக்கும் ஒசெல்டாமிவிரைத் தொடங்குவது மேல்.

ஸ்டீராய்டு பற்றியும் கேட்பார்கள், கோவிட்டில் டெக்சாமெத்தசோன் உயிர் காத்ததே என்று. ஃப்ளூவில் அந்தப் பலன் நிரூபணமாகவில்லை. ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இறப்பு அதிகம் என்றே பல ஆய்வுகள் காட்டின. நோய் கடுமையானவர்களுக்கே அது தரப்பட்டதும் காரணமாக இருக்கலாம். ஆஸ்துமா போன்ற வேறு தேவை இருந்தால் தரலாம். ஃப்ளூவுக்கென்று மட்டும் வேண்டாம்.