டைம் ஆபீஸில் ஏழு ஆண்டுகள்: ஒரு மனிதவள மென்பொருளுடன் என் அனுபவம்

கோயம்புத்தூரை ஒட்டி, பம்புகளுக்கான வார்ப்படங்களைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவைக் கவனித்து வருகிறேன். வார்ப்படப் பட்டறை, மெஷின் ஷாப், அலுவலகம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 340 பேர். 2018 ஏப்ரலில் வருகைப்பதிவு, சம்பளம், விடுப்பு மூன்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்தோம். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் இதைப் பாராட்டி மட்டுமே எழுதியிருப்பேன். ஏழு ஆண்டுகளுக்கு மேல் அன்றாடம் புழங்கிய பிறகு சொல்ல வேண்டியவை கூடியிருக்கின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் தேதிக்குள் சம்பளம், பதினைந்தாம் தேதிக்குள் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) என்ற கெடுக்களுக்காக, மாதத்தின் முதல் வாரம் முழுவதும் இரவு பத்து மணி வரை மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பேரேட்டைக் கூட்டிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. பிஎஃப்பில் நிறுவனத்தின் 12 விழுக்காட்டுப் பங்கில் 8.33 ஓய்வூதியத்துக்கும் 3.67 வருங்கால வைப்பு நிதிக்கும் பிரிவதையும், ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் கணக்கிடுவதையும் மென்பொருளே செய்துவிடுகிறது. 2019 ஜூலையில் தொழிலாளியின் இஎஸ்ஐ பங்கு 1.75 விழுக்காட்டிலிருந்து 0.75 ஆகவும், நிறுவனத்தின் பங்கு 4.75-லிருந்து 3.25 ஆகவும் குறைந்தபோது, ஒரே திருத்தத்தில் அந்த மாதச் சம்பளம் சரியாக வந்தது.

ஆனால் விதியின் உட்பிரிவு அதற்குத் தானாகத் தெரியாது. ஓர் ஆண்டு ஜூன் மாத ஊதிய உயர்வில் சிலருடைய சம்பளம் இஎஸ்ஐக்கான உச்சவரம்பான 21,000 ரூபாயைத் தாண்டியது. மென்பொருள் அந்த மாதமே அவர்களுக்கு இஎஸ்ஐ பிடித்தத்தை நிறுத்திவிட்டது. ஏப்ரலில் தொடங்கும் பங்களிப்புக் காலம் செப்டம்பரில் முடியும் வரை, இடையில் சம்பளம் உயர்ந்தாலும் பிடித்தம் தொடர வேண்டும் என்பதே விதி. பட்டியலை அனுப்பும் முன் பெயர்களை எண்ணிப் பார்த்ததால் தப்பித்தோம். இல்லாவிட்டால், அடுத்த ஆண்டு மருத்துவ உதவி கேட்டுப் போகும்போதுதான் அந்தக் குடும்பங்களுக்கு அது தெரிந்திருக்கும். கணக்குப் போடும் வேலை கையைவிட்டுப் போனாலும் கணக்குக்கான பொறுப்பு போகவில்லை என்பதை அன்றைக்கு உணர்ந்தேன்.

இந்த ஆண்டுகளில் என் நேரத்தை மிகுதியாக வாங்கியது பெயர்கள்தான். பள்ளிச் சான்றிதழில் 'கே. முருகன்' என்றிருப்பவர் வங்கியில் 'முருகன் கே' என்றும், ஆதாரில் 'முருகன் கந்தசாமி' என்றும் இருப்பார். நம்மிடம் இருப்பது தந்தை பெயரின் முதலெழுத்து, குடும்பப்பெயர் இல்லை; மென்பொருளோ குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அதனால் தந்தையின் பெயர் ஒருவருக்கு முன்னும் இன்னொருவருக்குப் பின்னுமாகப் பதிவாகிவிட்டது. 2021 செப்டம்பர் முதல் ஆதாருடன் இணைக்காத யுஏஎன் எனும் பிஎஃப் உறுப்பினர் எண்ணுக்குப் பணம் கட்ட முடியாது என்றானபோது, இப்படிப் பொருந்தாமல் கிடந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கித் திருத்த வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளாகத் தன்னை அறிந்த நிறுவனத்திடம், 'நான் நான்தான்' என்று ஒரு மனிதர் படிவம் எழுதிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதாக இருக்கவில்லை.

விரல்ரேகைக் கருவியும் ஏறக்குறைய அப்படித்தான். மோல்டிங் மணலில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி ஏற்காத நாளெல்லாம் 'வரவில்லை' என்று பதிவாகும்; சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகே அவர் என்னிடம் வருவார், சிலர் வரவே மாட்டார்கள். 2022-இல் முகம் பார்த்துப் பதியும் கருவிக்கு மாறியதும் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. அதே நேரத்தில், 340 பேருடைய முகங்களின் பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, வேலையை விட்டுப் போனவரின் பதிவு எப்போது அழிக்கப்படும் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் பதில் வாங்க ஐந்து மாதங்கள் ஆயின. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்ட பிறகு, இந்தக் கேள்வியை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

விடுப்புக்கான செயலியை இளைஞர்கள் விரும்புகிறார்கள். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆயினும் முன்பெல்லாம் வருகையும் விடுப்பும் பதியும் டைம் ஆபீஸின் ஜன்னலில் நின்று, "பொண்ணுக்குச் சடங்கு வெச்சிருக்கோம்ங்க, ரெண்டு நாள் லீவு வேணுங்க" என்பார்கள். செயலியில் அது 'சொந்தக் காரணம்' என்ற ஒரே தெரிவாகச் சுருங்கிவிட்டது. யார் கடனில் தவிக்கிறார், யாருக்கு முதுகுவலி, யார் மேஸ்திரியோடு பேசாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அந்த ஜன்னலில்தான் எனக்குத் தெரிந்தது. இதற்காகவே மாலை நான்கு முதல் ஐந்தரை வரை ஜன்னலை மீண்டும் திறந்து வைத்திருக்கிறேன். அங்கே சொல்பவரின் விடுப்பை நானே செயலியில் ஏற்றிவிடுவேன்.

2024-இல், யார் வேலையை விடக்கூடும் என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் ஒரு வசதியைச் சோதனைக்காகத் தந்தார்கள். சத் பூஜைக்கு ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பும் பீகார் தொழிலாளர்கள் அனைவரையும் அது முதல் வரிசையில் வைத்திருந்தது. ஆண்டுதோறும் தவறாமல் திரும்பி வருபவர்கள் அவர்கள். அந்தப் பட்டியலை மேற்பார்வையாளர் பார்த்தால் அவர்களுக்குப் பயிற்சியோ நல்ல ஷிஃப்டோ கிடைக்காமல் போகும் என்பதால், அதை நிறுத்திவிடச் சொன்னேன்.

சம்பளத்துக்கும் சட்டப் பிடித்தங்களுக்கும் இந்த மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே ஒரு நிபந்தனை: முதல் ஆறு மாதங்கள் பழைய பேரேட்டையும் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வருகிற ஏப்ரலில் மேலும் மூன்று ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப் போகிறோம். குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை இந்த முறை ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.