கோல்ட் ரஷ்: பளிச்சென்ற பிரதியா, முழுப் படமா?

சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' நல்ல பிரதியாக எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், எந்த கோல்ட் ரஷ் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. 1925 ஜூனில் ஹாலிவுட்டில் வெளியான ஊமைப்படம் ஒன்று. அதையே 1942இல் சாப்ளின் மறுபடி கையில் எடுத்து, எழுத்து அட்டைகளைத் தூக்கிவிட்டு, தன் குரலிலேயே கதை சொல்லி, இசை சேர்த்து வெளியிட்டது இன்னொன்று. பிந்தையது 72 நிமிடம். முந்தையது இன்று மீட்டெடுத்த வடிவில் 88 நிமிடம் ஓடுகிறது. டிஸ்க் அட்டையில் பெரும்பாலும் ஒரே பெயர், அதே தொப்பி, அதே மீசை. பின்பக்கத்தில் ஓடும் நேரத்தைப் பார்த்தால்தான் கைக்கு வந்திருப்பது எது என்று தெரியும்.

சிக்கல் என்னவென்றால், படத்தரத்தில் முந்துவது 1942. படமாக முந்துவது 1925. என் கணக்கில் படம்தான் முக்கியம். ஆனாலும் கண்ணுக்கு முதலில் படுவது படத்தரம்தான் என்பதால், ஒப்பிடுகிறவர்கள் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இந்த நிலைமைக்குக் காரணம் ஓரளவு சாப்ளினேதான். 1942 வடிவத்தையே இறுதியானதாக அவர் கருதினார். அதற்கான மூலப்பிரதிகள் பத்திரமாகப் பேணப்பட்டன. 1925 வடிவத்தின் காப்புரிமை அமெரிக்காவில் புதுப்பிக்கப்படாமல் போனது. அப்புறம் கேட்கவா வேண்டும், கையில் ஒரு பிரிண்ட் வைத்திருந்தவரெல்லாம் விற்றார்கள். பிரிண்டிலிருந்து பிரிண்ட், அதிலிருந்து வீடியோ, அதிலிருந்து டிவிடி என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்ததுதான் மலிவு விலைப் பெட்டிகளிலும் யூடியூபிலும் கிடைக்கிற பழைய 1925. சிதறிக் கிடந்த துண்டுகளை ஒன்றுசேர்த்து ஒழுங்கான வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஊமைப்பட ஆய்வாளர்களான கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும். அந்த மீட்டெடுப்பு 1993இல் வந்தது. இன்று மதிப்பான எந்த 1925 பதிப்பும் அவர்கள் போட்ட பாதையில்தான் வருகிறது.

மலிவுப் பிரதியை ஒரே காட்சியில் கண்டுபிடித்துவிடலாம். படம் தொடங்கியதும் அலாஸ்கா எல்லையில் உள்ள சில்கூட் கணவாயில் தங்கம் தேடிப் போகிறவர்கள் நீண்ட வரிசையாகப் பனிமலை ஏறுகிறார்கள். கலிஃபோர்னியாவின் ட்ரக்கீ பக்கம், சியரா நெவாடா மலையில், நூற்றுக்கணக்கான ஆட்களை நிஜமாகவே ஏற்றி எடுத்த காட்சி அது. படச்சுருளிலிருந்து படச்சுருளுக்கு நகல் எடுக்க எடுக்க, வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே இருக்கிற சாம்பல் சாயைகள் காணாமல் போகும். வேறு படமாக இருந்தால் ஓரளவு சமாளித்துக்கொள்ளலாம். இது பாதிக்குமேல் பனியிலேயே நடக்கிற படம். மோசமான பிரதியில் மலைச்சரிவு, மிதிபட்ட தடம், வானம் எல்லாம் ஒரே சுண்ணாம்புச் சுவராகிவிடுகிறது. அதன்மேல் எறும்புச்சாரி மாதிரி ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். நல்ல பிரதியில் பனிக்கு மேடு பள்ளம் தெரிகிறது, ஏறுகிறவனின் முதுகுச் சுமை தெரிகிறது. இவ்வளவு பேர் இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறுகிறார்கள் என்பது கண்ணில் பட்ட பிறகு, இறுக்கமான கோட்டும் மூங்கில் கைத்தடியுமாக ஒருவன் வந்தால்தான் சிரிப்பு. மங்கலான பிரதி அந்த நகைச்சுவையின் முதல் பாதியை விழுங்கிவிடுகிறது.

சாப்ளின் முகத்துக்கும் இதே கதிதான். பசியில் பூட்ஸை வேகவைத்துச் சாப்பிடும் காட்சியில் ஆணியை எலும்பு மாதிரி சப்புகிற வாயும், எதிரே சக நடிகர் மேக் ஸ்வெய்னின் அருவருப்பும் தெரிய வேண்டும். வெளிறிய பிரதியில் இரண்டு வெள்ளை முகமும் நாலு கரும்புள்ளியும்தான் மிச்சம்.

2003இல் பிரெஞ்சு நிறுவனமான எம்கே2 தயாரித்து வார்னர் வெளியிட்ட இரட்டை டிவிடி அதன் காலத்துக்குப் பெரிய முன்னேற்றம். ஒரு தட்டில் 1942, இன்னொன்றில் நீல் பிராண்டின் பியானோவோடு 1925. குறை, அமெரிக்கப் பதிப்பில். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் தயாரான மாஸ்டரை அமெரிக்க முறையான என்டிஎஸ்சிக்கு (NTSC) மாற்றியதால், வேகமான அசைவுகளில் ஒரு கைக்குப் பின்னால் இன்னொரு பேய்க்கை தெரியும். பால் முறை நொடிக்கு 24 ஃபிரேமை 25ஆக ஓட்டுவதால் நாலு சதவீத வேகமும் கூடிவிடுகிறது. நாலு சதவீதம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். சாப்ளின் குரல் சற்றே சுருதி உயர்ந்து ஒலிப்பதைக் காது கண்டுபிடித்துவிடும். முள்கரண்டியில் குத்திய இரண்டு ரொட்டிகளைக் கால்களாக்கி ஆடவைக்கும் ரொட்டி நடனத்திலோ, ஒரு காலைத் தூக்கி வைப்பதற்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் கண்ணைச் சாய்த்து எடுத்துக்கொள்கிற சின்ன இடைவெளிதான் எல்லாமே. அதில் கை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பழைய டிவிடி கையில் இருந்தால் தூக்கியெறிய வேண்டாம், அந்தப் பியானோவுக்காகவே வைத்திருக்கலாம்.

இப்போது பலரும் வாங்குவது 2012இல் அமெரிக்காவின் க்ரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரே. இரண்டு வடிவமும் ஒரே டிஸ்கில். இதில் 1942ஐப் போட்டால் கண் நிறைகிறது. சீரான சாம்பல், உறுதியான கறுப்பு, மெழுகு பூசிய மாதிரி வழவழக்காமல் படச்சுருளின் இயல்பான கிரெய்ன், அதாவது பொடிமணித்தன்மை. அடுத்து 1925ஐப் போட்டால் உடனே தெரிவது தரத்தின் மேடு பள்ளம். இத்தாலியின் போலோனியா நகரத் திரைப்படக் காப்பகமான சினிடெக்காவோடு சேர்ந்து 2கே நுணுக்கத்தில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் பல பிரிண்டுகளிலிருந்து சேர்த்த படம் என்பதை மறைக்க முடியாது. ஒரு ஷாட் துல்லியமாக இருக்கும், அடுத்தது சற்று மங்கி கீறலோடு வரும், மறுபடி தெளியும். 1942க்காக வெட்டி எறிந்த பகுதிகள் வரும் இடங்களில் இதை அதிகம் கவனிக்கலாம்.

அந்த வெட்டி எறிந்த பகுதிகளில்தான் விஷயமே இருக்கிறது. 1925இல் கதாநாயகி ஜார்ஜியா மன்னிப்புக் கேட்டு எழுதும் சீட்டு அவளுடைய முரட்டுக் காதலன் ஜாக்குக்கு. அவன் அதைக் கேலிக்காகச் சாப்ளினின் பாத்திரமான சார்லியிடம் தள்ளிவிடுகிறான். சார்லி தனக்கென்று நினைத்துத் துள்ளிக் குதிக்கும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. 1942இல் சீட்டு நேராகச் சார்லிக்கே எழுதியதாக மாறிவிடுகிறது. ஜார்ஜியா நல்லவளாகிறாள், காட்சி சப்பென்று ஆகிறது. கடைசியில் கப்பலில் வரும் நீண்ட முத்தமும் 1942இல் கிடையாது. கூடவே, கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதையே குரல் ஒருமுறை சொல்கிறது. சாப்ளின் குரல் இனிமையானது, சரி. அதற்காகப் பூட்ஸ் சாப்பிடும்போது யாராவது வர்ணனை கேட்பார்களா?

இசையில் மட்டும் 1942க்கு ஒரு நியாயம் உண்டு. இசையமைப்பாளர் மேக்ஸ் டெர்ரோடு சேர்ந்து சாப்ளின் அமைத்த இசை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதையே 1925க்குப் பொருந்தும்படி இசையமைப்பாளர் டிமதி பிராக் தழுவி அமைத்து, புதிதாகப் பதிவுசெய்து க்ரைட்டீரியனில் 5.1 சுற்றொலியில் கொடுத்திருக்கிறார்கள். ஆக அந்த நியாயமும் கைமாறிவிட்டது.

தெளிவு கூடியதால் ஒரு பக்கவிளைவு. மலை விளிம்பில் ஆடும் குடிசை சில ஷாட்டுகளில் பொம்மைக் குடிசை என்பது ப்ளூ-ரேயில் பச்சையாகத் தெரிகிறது. சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கூடுதல் மகிழ்ச்சி. அதே டிஸ்கில் தந்திரக்காட்சி நிபுணர் கிரெய்க் பாரன் இந்தக் காட்சிகளை விளக்கும் பகுதியும் இருக்கிறது. சாப்ளின் வரலாற்றை எழுதிய ஜெஃப்ரி வான்ஸின் விளக்க ஒலித்தடத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

படத்தின் நூற்றாண்டுக்காக 1925 வடிவத்தைப் போலோனியாக்காரர்கள் இன்னும் கூடுதல் நுணுக்கமான 4கேயில் மறுபடி மீட்டெடுத்தார்கள். 2025 மே மாதம் கான் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. அதிலிருந்து தயாரான டிஸ்க் கைக்கு வந்தால் சில்கூட் காட்சியையும் கப்பல் முத்தத்தையும் பழைய ப்ளூ-ரேயோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஷாட்டுக்கு ஷாட் உள்ள மேடு பள்ளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

அதுவரை க்ரைட்டீரியன் ப்ளூ-ரே, அதில் 1925. வாங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: ப்ளூ-ரேக்கள் நாடுவாரியாக ஏ, பி, சி என்று ரீஜன்களாகப் பிரிக்கப்பட்டவை, அமெரிக்க க்ரைட்டீரியன் ரீஜன் ஏ. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இந்தியா ரீஜன் சி என்பதால், இங்கே வாங்கிய பிளேயர் அந்த டிஸ்கை ஏற்காமல் போகலாம். எல்லா ரீஜனையும் ஓட்டும் பிளேயர் வேண்டும்.