சத்தம் நின்றதும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்

கணினியின் சத்தத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எப்படிக் குறைக்கப் போகிறார் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் கேட்கவில்லை.

ஆன் செய்த ஐந்தாவது நிமிடமே பிராசசர் ஃபேன் இரையத் தொடங்கிவிடும். பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். மூன்று நாளில் திரும்ப வந்தது. பில்லில் புது ஃபேன், தெர்மல் பேஸ்ட் (பிராசசர் சூட்டை மேலிருக்கும் உலோகத்துக்குக் கடத்தும் பசை), உள்ளே சுத்தம் செய்த கூலி என்று எழுதியிருந்தது. ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாத அமைதி. நன்றி வேறு சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, வழக்கமாக 20 நிமிடத்தில் முடியும் வீடியோ ஏற்றுமதி 40 நிமிடம் தாண்டியும் முடியவில்லை. பிராசசர் வெப்பநிலையைப் பார்த்தால் 100 டிகிரி. பல இன்டெல் பிராசசர்களுக்கு அதுதான் எல்லை. அதைத் தொட்டால் கருகாமல் தப்பிக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சூட்டிலும் ஃபேன் ஆடி அசைந்துதான் சுற்றிக்கொண்டிருந்தது.

கணினி ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போனேன். சூடு ஏற ஏற ஃபேன் வேகமும் ஏற வேண்டிய வரைகோடு, 20 சதவீதத்தில் படுத்துக் கிடந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். ஃபேன் நின்றுபோனால் வரவேண்டிய எச்சரிக்கையையும் 'இக்னோர்' (கண்டுகொள்ளாதே) என்று மாற்றி வைத்திருந்தார்!

கேபினெட்டைத் திறந்தால் அதே பழைய ஃபேன். எப்போதோ நான் மார்க்கரால் போட்ட புள்ளி அதன் விளிம்பில் அப்படியே இருந்தது. சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கின் இடுக்கெல்லாம் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. பேஸ்ட் சுண்ணாம்பாகப் பொரிந்துபோயிருந்தது. சூடு வெளியேற வழியில்லாமல்தான் ஃபேன் அத்தனை நாளும் கத்தியிருக்கிறது. அவர் அதன் வாயைப் பொத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

போனில் கேட்டேன். "சத்தம்தானே சார் உங்க பிரச்சினை? அது நின்னுடுச்சுல்ல?" என்றார். பணம் திரும்ப வரவில்லை.

அப்புறம் நானே தூசி தட்டி, பேஸ்ட் மாற்றினேன். 50 டிகிரி வரை 30 சதவீதம், 70-இல் 60, 85-இல் முழு வேகம் என்று வரைகோட்டைப் போட்டேன். என்னுடையது நான்கு வயர் ஃபேன், அதனால் தனி வயரில் வரும் சிக்னலால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் முறை. மூன்று வயர் என்றால் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிசி முறையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு வேகத்திலேயே ஓடும். இன்னொன்று: பிரவுசரைத் திறந்தாலே பிராசசர் சூடு சட்டென்று எகிறி இறங்கும். ஒவ்வொரு எகிறலுக்கும் ஃபேன் ஏறி இறங்கினால் அந்த ஏற்ற இறக்கம்தான் காதை அறுக்கும். சில வினாடி தாமதம் வைத்தேன், அடங்கிவிட்டது. இப்போது கனமான வேலையிலும் 75 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஃபேன் கேட்கிறது, ஆனால் தொந்தரவில்லை.

புது ஃபேன் போட்டேன் என்று பழுது பார்ப்பவர் சொன்னால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் அங்கேயே பத்து நிமிடம் கனமான வேலை ஒன்றை ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். அந்த 'இக்னோர்' உங்கள் பயாஸிலும் இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.