ஃபிளிண்ட்: எண் கோட்பாட்டுக்கு ஒரு வேகமான நிரல் நூலகம்

வில்லியம் ஹார்ட்டும் டேவிட் ஹார்வியும் 2007-இல் தொடங்கிய ஃபிளிண்ட், எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்காக சி மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற நிரல் நூலகம். சேஜ்மேத் என்னும் கட்டற்ற கணித மென்பொருள் உள்ளுக்குள் இதைத்தான் அழைக்கிறது என்பது தெரியாமலேயே பல ஆண்டுகள் பயன்படுத்திவந்த நான், அண்மையில்தான் நேரடியாக இதில் எழுதத் தொடங்கினேன்.

வேகத்தின் சூட்சுமம் இதன் முழு எண் வகையில் இருக்கிறது. 64 பிட் கணினியில், 62 பிட்டுக்குள் அடங்கும் எண்ணை அப்படியே ஒரே நினைவகச் சொல்லில் (கணினி ஒரே வீச்சில் கையாளும் 64 பிட் அலகில்) வைத்துக்கொள்கிறது. அதை மீறினால்தான் தனி இடம் ஒதுக்கி பெரிய எண்களைக் கையாளும் ஜிஎம்பி நூலகத்தின் உதவியை நாடுகிறது. கெழுக்கள் பெரும்பாலும் சிறியவையாக இருக்கும் பல்லுறுப்புக் கோவைகளில் இதன் பலன் கண்கூடு.

எனக்கு மிகவும் பிடித்தது பிரிவினைச் சார்பு. ஓர் எண்ணை, வரிசையைப் பொருட்படுத்தாமல், மிகை முழு எண்களின் கூட்டலாக எத்தனை வழிகளில் எழுதலாம் என்பதை அது சொல்லும். 200-க்கு அந்த வழிகள் 3972999029388 என்று கணிதவியலாளர் மேக்மஹன் கையால் கணக்கிட்டதை வைத்துத்தான் ராமானுஜனும் ஹார்டியும் தங்கள் 1918-ஆம் ஆண்டுச் சூத்திரத்தைச் சரிபார்த்தார்கள். கணிதவியலாளர் ராடமாக்கர் பின்னர் செப்பனிட்ட அந்தச் சூத்திரமே இங்கு இயங்குகிறது. 200-க்கு விடை கண்ணிமைக்கும் முன் வந்துவிடுகிறது. இதே வழியில் ஃபிரெட்ரிக் யோஹான்சன், 10-இன் 20-ஆம் அடுக்குக்கான மதிப்பை, 1100 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களுடன் கண்டிருக்கிறார். சூத்திரம் தருவது மெய்யெண்களின் கூட்டுத்தொகைதான் என்றாலும், பிழையின் எல்லையையும் உடன் சுமந்து செல்லும் ஆர்ப் கணிதமுறை, அருகிலுள்ள முழு எண் எது என்பதை ஐயமின்றி நிறுவிவிடுகிறது. தனி நூலகமாக இருந்த ஆர்ப், 2023-இல் வந்த 3.0 பதிப்பில் ஃபிளிண்டுடனேயே இணைக்கப்பட்டது.

சி மொழியில் எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை: உருவாக்கிய ஒவ்வொரு மாறியையும் நாமே விடுவிக்க வேண்டும். சுழற்சிக்குள் ஒரு வரியை மறந்த நான், மடிக்கணினி திணறுவதைப் பார்த்துவிட்டு, பிழை என்னுடையதுதான் என்று கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டேன். ஆவணங்கள் துல்லியமானவை, ஆனால் செயற்கூறுகளின் பட்டியலாகவே இருக்கின்றன. புதியவர்கள், ஃபிளிண்டைப் பைத்தான் மொழியிலிருந்து அழைக்க உதவும் பைத்தான்-ஃபிளிண்டில் தொடங்குவதே நல்லது.

எண்களைக் காரணிப்படுத்தும் முறைகளில் இருபடிச் சல்லடை இதில் உண்டு, மிகப் பெரிய எண்களுக்கு ஏற்ற எண் புலச் சல்லடை இல்லை. ஆகவே, இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலாக அமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட இலக்க எண்ணை உடைக்க விரும்புவோர், எண் புலச் சல்லடையைச் செயல்படுத்தும் காடோ-என்எஃப்எஸ் மென்பொருளின் பக்கம்தான் போக வேண்டும்.