ஓட்டுப் போடுவதற்கு முன் தெரிகிறதா? ஆஸ்திரேலியத் தேர்தல் நன்கொடைப் பதிவேடுகள் ஒரு மதிப்பீடு

மாநிலத் தேர்தலில் நிற்கும் வேட்பாளருக்கும் அவருடைய கட்சிக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையங்கள் இணையத்தில் இலவசப் பதிவேடுகளை வைத்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் எல்லாம் ஒரே தரமல்ல. தேடும் வசதி, பக்க அமைப்பு எல்லாம் இரண்டாம்பட்சம்தான். வாக்குச்சீட்டு கைக்கு வருவதற்கு முன் தகவல் வந்து சேர்கிறதா என்பதே முதல் கேள்வி. அந்த அளவுகோலில் குயின்ஸ்லாந்து முதலிடம் பெறுகிறது. நியூ சவுத் வேல்ஸ் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. கூட்டாட்சி ஆணையத்தின் பதிவேடு வெகுதூரம் பின்னால் நிற்கிறது.

குயின்ஸ்லாந்து ஆணையத்தின் மின்னணு அறிவிப்பு முறை 2017இல் வந்தது. 1,000 டாலரோ அதற்கு மேலோ நன்கொடை வந்தால் ஏழு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தைய ஏழு நாட்களில் வந்தால் 24 மணி நேரத்துக்குள். கடைசி வாரத்தில்தான் பெரிய தொகைகள் விளம்பரத்துக்குப் போகின்றன என்பதால், இந்த 24 மணி நேர விதி ஒன்றுக்காகவே இந்தச் சேவையைப் பாராட்டலாம். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், தேதி, தொகை எல்லாம் அட்டவணையாக வருகின்றன. அதை இறக்கி எக்செல்லில் திறந்து, உங்கள் விருப்பப்படி வரிசைப்படுத்திக்கொள்ளலாம்.

இந்தப் பதிவேட்டைச் சரியாகப் படிக்க 2020 சட்டம் வைத்த உச்சவரம்புகளையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கட்சி தான் போட்டியிடும் ஒவ்வொரு தொகுதிக்கும் 92,000 டாலர், அக்கட்சியின் வேட்பாளர் 58,000, சுயேச்சை 87,000 வரை செலவழிக்கலாம் என்று அப்போது வைத்தார்கள். 93 தொகுதிகளிலும் நிற்கும் கட்சிக்கு, கட்சிக் கணக்கில் மட்டும் 85,56,000 டாலர் ஆகிறது. ஒரு தொகுதியில் கட்சியும் வேட்பாளரும் சேர்ந்தால் 1,50,000. அதே தொகுதியின் சுயேச்சைக்கு அதில் ஏறக்குறைய 58 சதவீதம்தான். ஆகவே கட்சி வேட்பாளரின் பெயரில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் "இவர் யாரிடமும் வாங்கவில்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பணம் பெரும்பாலும் கட்சித் தலைமையின் கணக்குக்கு வந்து, அங்கிருந்துதான் தொகுதிக்குச் செலவாகிறது. வேட்பாளர், கட்சி என்று இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

நியூ சவுத் வேல்ஸின் சட்டம் பல இடங்களில் கண்டிப்பானது. ப்ராப்பர்ட்டி டெவலப்பர்கள், புகையிலை, மது, சூதாட்ட நிறுவனங்கள் நன்கொடை கொடுக்கவே கூடாது. ரொக்கமாக 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. ஒரே ஆள் ஒரு நிதியாண்டில் சிறுகச் சிறுகக் கொடுத்தாலும், கூட்டுத்தொகை 1,000 டாலரைத் தொட்டால் அறிவிக்க வேண்டும். இவ்வளவு செய்துவிட்டு நேரத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள். சாதாரண நாட்களில் அறிவிப்பு அரையாண்டுக்கு ஒருமுறை, அதுவும் அரையாண்டு முடிந்து நான்கு வாரத்துக்குள். ஜூலை 2ஆம் தேதி வந்த பணம் ஜனவரி கடைசியில் அறிவிக்கப்பட்டாலும் விதிமீறல் இல்லை. தேர்தலுக்கு முந்தைய அக்டோபர் 1 முதல் கெடு 21 நாளாகக் குறைகிறது. அதுவும் போதாது.  வாக்குப்பதிவுக்கு 19 நாள் முன் வாங்கிய நன்கொடையின் கெடு முடியும்போது பாருங்கள். வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும்! பிரச்சாரம் உச்சத்தில் இருக்கும் கடைசி மூன்று வாரத்தை வாக்காளரின் கண்ணிலிருந்து மறைக்கும் இந்த ஓட்டையை அடைக்கப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. குயின்ஸ்லாந்து விதியை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும்.

எந்தப் பதிவேடும் பொய்யான பெயரைத் தானாகக் கண்டுபிடித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2015 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸ் தொழிற்கட்சி நடத்திய நிதி திரட்டும் விருந்தையொட்டி வந்த 1,00,000 டாலர் ரொக்கம், பலர் கொடுத்த சிறு நன்கொடைகளாகப் பிரித்துக் கணக்கில் காட்டப்பட்டது. ஊழல் தடுப்பு ஆணையமான ஐகாக் 2019இல் பொது விசாரணை நடத்தி, 2022இல் அறிக்கை வெளியிட்டது. பதிவேட்டில் பார்த்தால் அவை ஒழுங்கான வரிகள். ஒரே நாள், ஒரே தொகை, ஒருவர் கொடுக்கக்கூடிய நன்கொடையின் உச்சவரம்பைத் தொட்டு நிற்கும் பல வரிகள் அடுத்தடுத்து வந்தால் சற்று நின்று கவனியுங்கள். அது குற்றத்துக்கு ஆதாரமாகிவிடாது, ஆனால் கேள்வி கேட்கப் போதுமான காரணம்.

கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டை மாநில அரசியலைக் கவனிப்பவர்களும் விட்டுவிட முடியாது, கட்சிகளின் மாநிலக் கிளைகளும் அங்கே ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்கின்றன. முழுத் தரவையும் ஒரே மூச்சில் இறக்கிக்கொள்ளலாம், அந்த வசதி அருமை. நேரம்தான் மோசம். 2024-25 நிதியாண்டின் கணக்கு 2026 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. 2024 ஜூலையில் கைமாறிய பணம் என்றால் பத்தொன்பது மாதத் தாமதம். அந்த ஆண்டுக்கான வரம்பும் 16,900 டாலர், அதைத் தாண்டாத தொகைக்குக் கொடுத்தவர் பெயரே வராது.

இங்கே இரண்டு இடத்தில் தடுக்கி விழ வாய்ப்புண்டு. நன்கொடையாளர் தாக்கல் ஒரு அட்டவணை, கட்சி தாக்கல் இன்னொரு அட்டவணை. இரண்டையும் கூட்டினால் ஒரே தொகை இருமுறை சேர்ந்துவிடும். அடுத்தது, "நன்கொடை" என்ற வகையை மட்டும் வடிகட்டினால் பாதிதான் தெரியும். விருந்துச் சீட்டு, கூட்டக் கட்டணம் போன்றவை "பிற வரவுகள்" என்ற தலைப்பில் ஒதுங்கியிருக்கும். அதையும் சேர்த்தே பாருங்கள்.

எந்தப் பதிவேடானாலும் நிறுவனத்தின் முழுப் பெயரைத் தட்டாமல் முதல் சொல்லை மட்டும் தட்டுங்கள். தனியார் நிறுவனப் பெயர்களின் "Pty Ltd" பின்னொட்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவதால் பல வரிகள் நழுவிப்போகும். திருத்தப்பட்ட தாக்கல்கள் பின்னால் வந்து சேர்வதும் வழக்கம், எடுத்த தரவின் கோப்பில் தேதியைக் குறித்துவையுங்கள்.

தெற்கு ஆஸ்திரேலியா 2025 ஜூலை 1 முதல் வேறு பாதையில் போகிறது. அரசியல் நன்கொடையையே பெரும்பாலும் தடைசெய்துவிட்டு, கட்சிகளுக்கு அரசுப் பணம் தருகிறது. புதிதாக வருபவர்கள் மட்டும் 5,000 டாலர் வரையிலான நன்கொடைகளை வாங்கலாம். அங்கே இனி யார் கொடுத்தார் என்பதைவிட, பழைய கட்சிகளுக்கு அரசு எவ்வளவு கொடுக்கிறது, புதியவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைத்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.