விஷுவல் பேசிக் 6, சி ஷார்ப்: மூடிய மொழியிலும் திறந்த மொழியிலும் வேலை பார்த்த அனுபவம்

மொத்த வியாபாரக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை முதலில் மைக்ரோசாஃப்டின் நிரல்மொழியான விஷுவல் பேசிக் 6-இலும் பிறகு அதே நிறுவனத்தின் சி ஷார்ப்பிலும் எழுதிப் பராமரித்து வருகிறேன். நிறுவனங்கள் தமக்குச் சொந்தமான நிரல்மொழிகளைத் திறந்த மூலமாக, அதாவது மூலநிரலை யாரும் படிக்கவும் திருத்தவும் முடிகிறபடி, வெளியிட வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் கம்பைலரின் (எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) மூலநிரலோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி வேலைதான்.

1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6, திரைகளை வேகமாக வடிவமைப்பதில் இன்றும் குறை சொல்ல முடியாத கருவி. 2002-இல் மைக்ரோசாஃப்ட் டாட்நெட் என்ற புதிய நிரலாக்கத் தளத்தைக் கொண்டுவந்தபோது, அதே பெயரைத் தாங்கிய புதிய மொழியில் பழைய நிரல்கள் அப்படியே ஓடவில்லை. பழையதையும் தொடருங்கள் என்று 2005-இல் புரோகிராமர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தும் பலனில்லை. 2008 ஏப்ரலில் அதற்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. அந்த நிரல்கள் ஓடத் தேவையான ரன்டைம் விண்டோஸ் 11-இலும் இயங்குவதால் பழைய வாடிக்கையாளர்கள் தப்பித்தார்கள். ஆனால் கம்பைலரின் மூலநிரல் வெளிவரவே இல்லை என்பதால், 64 பிட்டுக்கு அதைக் கொண்டுபோகத் திறமையுள்ளவர்கள் முன்வந்தாலும் கைவைக்க வழியில்லை. எழுதிய நிரல் முழுக்க எங்களுடையதாக இருந்தும், அதன் ஆயுளை வேறொருவர் தீர்மானித்தார்.

சி ஷார்ப்பின் கம்பைலரான ரோஸ்லின் 2014 ஏப்ரலிலும், டாட்நெட்டின் புதிய வடிவமான டாட்நெட் கோர் அதே ஆண்டு நவம்பரிலும் திறந்த மூலமாயின. இதன் அருமை அதன் பிந்தைய பதிப்பான டாட்நெட் 5-க்கு மாறியபோது புரிந்தது. ரசீதை வரிவரியாகப் பிரிக்கும் இடத்தில், லைன் ஃபீட் (அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் குறி) கண்ணெதிரே இருந்தும், அதைத் தேடிய இண்டெக்ஸ்ஆஃப் என்ற கட்டளை ‘இல்லை’ என்று -1 தந்தது. மூலநிரலையும், அதை எழுதியவர்கள் மூலநிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நடத்திய விவாதத்தையும் படித்த பிறகே காரணம் தெரிந்தது: விண்டோஸில் எழுத்து ஒப்பீடு, பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு என்ற நிரல் நூலகத்துக்கு மாறியிருந்தது, அந்நூலகம் கேரேஜ் ரிட்டர்ன் என்ற வரித்தொடக்கக் குறியையும் அதையடுத்த லைன் ஃபீடையும் பிரிக்க முடியாத ஒரே அலகாகக் கொள்கிறது. எழுத்துகளின் எண்மதிப்பை மட்டும் பார்க்கும் ஆர்டினல் ஒப்பீட்டைக் குறிப்பிட்டதும் சரியாயிற்று. மூடிய மொழியாக இருந்திருந்தால் ஆதரவுப் பிரிவுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

உரிமையாளரின் மனம் மாறும்போதும், மூலநிரல் வைக்கப்பட்டிருக்கும் திறந்த களஞ்சியம் கைகொடுக்கிறது. 2021 அக்டோபரில், டாட்நெட் 6-இன் கட்டளைவரியிலிருந்த ஹாட் ரீலோட் வசதியை (ஓடும் நிரலை நிறுத்தாமலே மாற்றங்களைச் சேர்ப்பது) நீக்கி, அதைத் தன் நிரலெழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோவுக்கு மட்டும் ஒதுக்க மைக்ரோசாஃப்ட் முயன்றது. நீக்கம் எல்லோரும் பார்க்கும்படி நடந்ததால் எதிர்ப்பு உடனே கிளம்பி, சில நாட்களிலேயே வசதி திரும்பி வந்தது.

திறந்துவிட்டால் மொழி வளரும் என்ற உத்தரவாதம் இல்லை என்பதும் உண்மை. ரோஸ்லினுக்குள் விஷுவல் பேசிக் டாட்நெட்டின் கம்பைலரும் இருக்கிறது. இருந்தும் அந்த மொழியை மேற்கொண்டு வளர்க்கும் திட்டமில்லை என்று 2020-இல் அறிவித்துவிட்டார்கள். என் பெரிய குறை, நிரலின் பிழைகளைத் தேட உதவும் டிபக்கர்தான்: மைக்ரோசாஃப்டின் டிபக்கரை அவர்களுடைய எடிட்டர்களோடு மட்டுமே பயன்படுத்த உரிமம் இடம் தருகிறது. வேறு எடிட்டரில் வேலை பார்க்கும்போது, சாம்சங் திறந்த மூலமாக வெளியிட்ட நெட்கோர்டிபிஜி கொண்டு சமாளிக்கிறேன்.